தேய்ந்த தண்டும் தெளித்த உலோகமும்

கொழுந்து காத்திருக்காது. வால்பாறையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலையில் கிள்ளிய இலை மாலைக்குள் வாட்டுத் தொட்டிக்குப் போக வேண்டும். வாடிய இலை விடிவதற்குள் அரைபட வேண்டும். அரைபட்டது ஒன்றரை மணி நேரத்துக்குள் புளித்து, உலர்த்திக்குள் நுழைந்தாக வேண்டும். நடுவில் ஓர் இயந்திரம் நின்றால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நிற்கும். இலை மட்டும் நிற்காமல் கெட்டுக்கொண்டே இருக்கும்.

ஆயினும் நண்பர்களே, நான் இங்கே எழுத வந்தது தேயிலையைப் பற்றியன்று. அந்த இயந்திரங்களில் ஒன்றின் தண்டு தேய்ந்து, அதன் மேல் உருகிய எஃகைத் தெளித்து மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவந்த முறையைப் பற்றி. அதற்கு வெப்பத் தெளிப்பு என்று பெயர். பட்டறைகளில் ‘மெட்டல் ஸ்பிரே’ என்பார்கள். கணித மாணவனாகிய எனக்கு உலோகவியல் பாடமில்லை. ஆனால் என் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். இத்தொழில் எனக்கு முதலில் வீட்டுக் கவலையாகத்தான் அறிமுகமாயிற்று. அறிவியலாகப் பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மே மாதம் அது. கோடை மழை பெய்து, செடியெல்லாம் தளிர்த்து, இலை வரத்து உச்சத்தில் இருந்தது. சி.டி.சி. இயந்திரத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: பல் வெட்டிய இரண்டு எஃகு உருளைகள் ஒன்றையொன்று உரசும் நெருக்கத்தில் எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 70 சுற்று, மற்றது அதைப் போலப் பத்து மடங்கு, 700 சுற்று. அந்த வேக வேறுபாடுதான் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிறது. இரு உருளைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி மயிரிழை மாறினாலும் அரைவையின் தரம் மாறிவிடும்.

வேகமாகச் சுழலும் உருளையின் ஒரு முனையில், பேரிங் அமரும் இடத்தருகே, செந்தூள் படிவதை அப்பா கண்டார். பிட்டர்கள் பயப்படுகிற தூள் அது. பேரிங்கின் உள்வளையம் தண்டை இறுகப் பிடித்து அதனோடு சேர்ந்து சுற்ற வேண்டும். பிடி தளர்ந்தால் வளையம் தண்டின் மேல் வழுக்கும். வழுக்க வழுக்க இரும்பு நுண்துகளாய் உதிர்ந்து, துருப்பிடித்துச் செந்தூளாகும். கழற்றி அளந்ததில் தண்டு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. உபரி உருளை இணையோ பல் தீட்டக் கோவைக்குப் போயிருந்தது.

அப்பாவின் முன் மூன்று வழிகள் இருந்தன. புதுத் தண்டு செய்வதென்றால் உருளையின் பல்வளையங்களைக் கழற்றி, புதுத் தண்டில் ஏற்றி, பல்லை மறுபடி ஓட்ட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். தேய்ந்த இடத்தில் பற்றவைத்து நிரப்பலாம். ஆனால் பற்றவைப்பில் தண்டே உருகும் அளவுக்குச் சூடேறும். ஆறும்போது இழுத்துக்கொண்டு வளையும். வளைந்த தண்டில் மயிரிழை இடைவெளியை எங்கே காப்பாற்றுவது? மூன்றாவது, அவர் கேள்விப்பட்டிருந்த மெட்டல் ஸ்பிரே. தண்டு சூடேறாது, வளையாது, ஒரே நாளில் முடியும் என்று மேலாளரிடம் உறுதி சொல்லிவிட்டு அன்றிரவே உருளையை வண்டியில் ஏற்றினார். துணைக்கு நானும் போனேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் உருளை உருண்டுவிடாதபடி காலால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

கோவையில் நாங்கள் முதலில் போன பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். இரவு கொடுத்தோம், மறுநாள் காலையிலேயே பளபளவென்று அளவு சுத்தமாகத் திருப்பித் தந்தார்கள். அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி. மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் இரவுப் பணியில் பேரிங் கூட்டிலிருந்து ‘கடகட’ என்று ஒலி வந்தது. நிறுத்திப் பிரித்துப் பார்த்தால், தெளித்த எஃகு முழுவதும் யூகலிப்டஸ் மரத்துப் பட்டைபோல் சுருளாய் உரிந்து கிடந்தது. பேரிங் கூடு அரைக்கும் தொட்டிக்கு வெளியே இருப்பது. சில்லு உள்ளே விழ வழியில்லை. ஆயினும் அப்பா அந்த ஒரு மணி நேரத்து அரைவையைத் தனியே கொட்டச் சொல்லி, காந்தத் தட்டைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தார். வாட்டுத் தொட்டியில் இருந்த இலையை லாரியில் வேறு தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். “நீ சொன்னதை நம்பித்தானே செய்தோம்” என்று மேலாளர் கேட்டாராம். இதை அப்பா எங்களிடம் சொல்லவில்லை. அவருடன் வேலை செய்பவர் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாம் முறை கணபதிப் பக்கம் ஒரு சிறு பட்டறைக்குப் போனோம். முதிய மேஸ்திரி ஒருவர் அங்கே இருந்தார். உருளையைப் பார்ப்பதற்கு முன் உரிந்த சில்லைக் கேட்டு வாங்கினார். அதன் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உட்புறம் வழவழவென்று மின்னியது. லேத் உளியின் வரிகள்கூட அதில் அச்சாகப் பதிந்திருந்தன. ஓரத்தில் பழுப்பாய் எண்ணெய்க் கறை.

“யாரு செஞ்சாங்கன்னு நான் கேக்கலீங்க. எப்பக் குடுத்தீங்க, எப்ப வாங்குனீங்க? அதச் சொல்லுங்க, போதும்.”

“ராத்திரி எட்டு மணிக்குக் கொடுத்தேன் அண்ணே. காலையில எட்டு மணிக்கே வேணும்னு நின்னு வாங்கிட்டு வந்தேன்.”

“அப்பப் பாதித் தப்பு உங்களுதுங்க” என்றார் மேஸ்திரி, சிரிக்காமல்.

பிறகு என் பக்கம் திரும்பி, “வறட்டி தட்டறதப் பாத்திருக்கீங்களா கண்ணு?” என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன். “கரடுமுரடான மண் செவுத்துல தட்டுனா நிக்கும். வழுவழுன்னு சிமிட்டி பூசுன செவுத்துல தட்டுனா? காயறவரைக்கும் நிக்கும், காஞ்சு சுருங்குச்சுன்னா தானா உளுந்துரும். அவ்வளவுதான் இந்தத் தொழிலு. இது ஒட்டறது இல்லீங், புடிக்கறது.”

அன்று முழுவதும் அப்பட்டறையில் நின்று பார்த்தேன். இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான்.

முதலில் அவர் செய்தது எனக்குப் புதிராக இருந்தது. ஏற்கெனவே தேய்ந்த இடத்தை லேத்தில் ஏற்றி மேலும் கடைந்து குறைத்தார். காரணம் இரண்டு. தேய்ந்த இடம் உருண்டையாக இராது, ஒருபுறம் அதிகம் தேய்ந்திருக்கும். அதை ஒழுங்காக்க வேண்டும். மேலும் பூச்சுக்கு ஒரு குறைந்தபட்சத் தடிமன் இருந்தால்தான் சுமை தாங்கும். இரு ஓரங்களிலும் சிறு தோள் விட்டு நடுவில் பள்ளமாக்கினார். பூச்சின் விளிம்பு வெளியே தெரியாமல் பள்ளத்துக்குள் அடங்க வேண்டுமாம். கடையும்போது உளியின் மேல் எண்ணெய் விடவே இல்லை. பிறகு கரைப்பானால் கழுவினார். தண்டின் துளையிலும் சாவிப்பள்ளத்திலும் ஊறியிருக்கும் எண்ணெய் சூட்டில் வெளியே கசியும் என்பதால், மிதமாகச் சூடாக்கி, கசிந்ததைத் துடைத்து, மறுபடி கழுவினார். இதற்கே அரை நாள் போயிற்று.

அடுத்தது துகள் வீச்சு. காற்றழுத்தத்தில் அலுமினியம் ஆக்சைடு துகள்களைப் பீய்ச்சி அடித்துப் பள்ளத்தின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது. பளபளத்த எஃகு சாம்பல் நிறத்தில் மங்கி, உப்புத்தாள் போல ஆயிற்று. இதற்கு ஆற்று மணலைப் பயன்படுத்துவோரும் உண்டு, மலிவு. ஆனால் மணல் உடைந்து எழும் சிலிகாத் தூசி நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் என்னும் தீராத நோயைத் தருகிறது. தண்டைக் காப்பாற்றும் பொருட்டுத் தொழிலாளியின் நெஞ்சைத் தேய்ப்பது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

சாம்பல் நிறம் மாறியதைக் கண்ட வியப்பில் நான் விரலை நீட்டினேன்.

“கை வெக்காதீங் கண்ணு!” என்று அவர் போட்ட சத்தத்தில் பட்டறையே திரும்பிப் பார்த்தது.

நம் விரலில் எப்போதும் சிறிது எண்ணெய்ப் பசை உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம், சொரசொரப்பின் குழிகளில் உருகிய உலோகம் புகுந்து பிடிப்பதைத் தடுக்கப் போதும். அதுபோலவே காற்றின் ஈரமும். புதிதாகத் துகள் வீசிய எஃகு மிக விரைவில் துருவேறத் தொடங்கும். ஆகவே வீசி முடித்ததும் தாமதமின்றித் தெளித்துவிட வேண்டும். மேற்பரப்பின் வெப்பநிலை காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் விதி. இல்லையேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படியும். ஜூன் மாதத்து வால்பாறையை எண்ணிப் பாருங்கள்! சுவரே வியர்க்கும் ஊரில், திறந்த கொட்டகையில் இவ்விதியைக் காப்பது பெரும்பாடு. உருளையைச் சமவெளிக்கு இறக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு தண்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்க, ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வரை முன்சூடு ஏற்றி ஈரத்தைப் போக்கினார். துப்பாக்கி போன்ற கருவி ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் பின்புறமாக உலோகக் கம்பி நுழைகிறது. முன்புறத்தில் ஆக்சிஜனும் அசிட்டிலினும் எரியும் சுடர் கம்பியின் நுனியை உருக்குகிறது. சுடரைச் சுற்றிப் பாயும் அழுத்தக் காற்று உருகிய உலோகத்தைச் சிறு துளிகளாகச் சிதறடித்துத் தண்டை நோக்கி வீசுகிறது. முதலில் நிக்கலும் அலுமினியமும் கலந்த கம்பியால் மெல்லிய அடித்தளம். இவ்விரண்டும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தாமே வெப்பத்தை வெளியிடும். ஆகவே எஃகை ஆங்காங்கே நுண்ணிய அளவில் பற்றிக்கொள்ளும். அதன் மேல் 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகுக் கம்பி. முன்னும் பின்னுமாக, ஓரிடத்தில் நிற்காமல், வயலுக்கு மருந்தடிப்பவர் நடைபோல ஒரே சீராக அவர் கை போய் வந்தது. ஒவ்வொரு நடைக்கும் இடையே காற்றடித்துத் தண்டை ஆற்றினார்கள்.

சற்று நின்று, பறக்கும் ஒரு துளியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு துளியின் விட்டம் 50 மைக்ரான் என்று கொள்வோம். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. எஃகின் அடர்த்தியை ஒரு கனமீட்டருக்கு 7,800 கிலோகிராம் என்று எடுத்துக்கொண்டால், அத்துளியின் நிறை அரை மைக்ரோகிராம் வரும். ஒரு கிராம் எஃகில் இத்தகைய துளிகள் ஏறக்குறைய இருபது லட்சம்! விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில், 20 சென்டிமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. தண்டில் மோதியதும் துளி அப்பளமாய்ப் பரந்து, மேற்பரப்பின் மேடுகளைக் கவ்வி, குழிகளில் புகுந்து, அக்கணமே உறைகிறது. குளிரும் வேகம் விநாடிக்குப் பத்து லட்சம் பாகை என்ற அளவில் இருக்கும் என்கிறார்கள். துளி 1,500 பாகைச் சூட்டில் வந்தாலும் அதன் நிறை அற்பம். தண்டின் நிறையோ பல கிலோ. ஆகவே துளியால் தண்டை உருக்க முடிவதில்லை. தண்டு வளையாமல் தப்புவதும் இதனால்தான்; தெளித்த உலோகம் தண்டோடு உருகி ஒன்றாகாமல் வெறும் பிடிமானத்தில் நிற்பதும் இதனால்தான். இம்முறையின் பலமும் பலவீனமும் ஒரே காரணத்திலிருந்து பிறப்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

அப்பளத்தின் மேல் அப்பளமாக இலட்சோப இலட்சம் அடுக்குகள் சேர்ந்துதான் பூச்சு ஆகிறது. இடையிடையே காற்றறைகள் நிற்கும். பறக்கும்போது ஆக்சைடாக மாறிய படலங்களும் கலந்திருக்கும். எளிய சுடர்த் தெளிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வெற்றிடமாக இருக்கலாம். குறை போலத் தோன்றும் இதிலும் ஒரு நன்மை உண்டு. அந்த நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், உராயும் இடங்களுக்கு இத்தகைய பூச்சு உகந்தது. ஆனால் ஒவ்வோர் அப்பளமும் உறையும்போது சுருங்க முயல்கிறது. அடுக்கு ஏற ஏற அந்த இழுவிசை கூடிக்கொண்டே போகும். பிடிமானத்தை இழுவிசை மிஞ்சும்போது பூச்சு உரியும். மேஸ்திரியின் வறட்டி இதுவேயன்றி வேறில்லை.

இம்முறையைத் தொழிலாக நிலைநாட்டியவர் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் வாழ்ந்த மாக்ஸ் உல்ரிச் ஷூப் என்னும் பொறியியலாளர். சிறுவர்கள் விளையாட்டுத் துப்பாக்கியால் சுவரில் சுட்ட ஈயக் குண்டுகள் தட்டையாகி ஒட்டிக்கொண்டதைக் கண்டுதான் அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகிறது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதலில் உருகிய உலோகத்தை ஊற்றியும், பின்னர் கம்பியை உருக்கியும் தெளிக்கும் கருவிகளை அவர் உருவாக்கினார். கணபதிப் பட்டறையில் நான் கண்ட துப்பாக்கி அவருடைய கம்பித் துப்பாக்கியின் பேரப்பிள்ளை எனலாம்.

அதன் பிறகு வந்த வளர்ச்சி முழுவதும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைந்தது: துளியை எவ்வளவு சூடாக்கலாம்? எவ்வளவு வேகமாக எறியலாம்? 1950-களில் இரண்டுக்கும் விடைகள் வந்தன. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் வெடிப்புத் தெளிப்பைக் கொண்டுவந்தது. ஒரு குழலில் ஆக்சிஜனையும் அசிட்டிலினையும் நிரப்பி, பூச்சுப் பொடியைத் தூவி, பொறிவைத்து வெடிக்கச் செய்வார்கள். விநாடிக்குச் சில முறை இவ்வெடி நிகழும். அதே காலத்தில் பிளாஸ்மாத் தெளிப்பும் பிறந்தது. மின்வில்லால் வாயுவை 10,000 பாகைக்கும் மேலே சூடேற்றுவதால், எந்தப் பொருளையும், சுட்ட மண் வகையைச் சேர்ந்த ஆக்சைடுகளையும்கூட, உருக்கித் தெளிக்க முடிந்தது. விமான எஞ்சின்களின் சூடான பாகங்களுக்கு வெப்பத் தடுப்பாகச் சிர்கோனியா பூசுவது இதனால் கைகூடியது.

சூடு கூடக் கூட நல்லது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது தவறு. டங்ஸ்டன் கார்பைடு மிகக் கடினமான பொருள். ஆனால் பிளாஸ்மாவின் சூட்டில் அதன் கார்பன் எரிந்து போய்க் கடினம் குறைகிறது. அதற்குத் தேவை சூடன்று, வேகம். 1980-களின் தொடக்கத்தில் வந்த அதிவேகச் சுடர்த் தெளிப்பு இதை நிறைவேற்றியது. ஆக்சிஜனையும் எரிபொருளையும் மூடிய அறையில் எரித்து, ராக்கெட்டின் வாய் போன்ற குறுகிய வழியே வெளியேற்றுவது இம்முறை. பொடி அரைகுறையாய் உருகிய நிலையில், ஒலியைவிட வேகமாகப் போய் மோதும். பூச்சில் வெற்றிடம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இராது. பிடிமானமும் சுடர்த் தெளிப்பைவிடப் பல மடங்கு. அதே பத்தாண்டில் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில், உருக்காமலே, வேகத்தால் மட்டும் உலோகப் பொடியை ஒட்டச் செய்யும் குளிர்த் தெளிப்பையும் கண்டுபிடித்தார்கள்.

நம் நாட்டில் இத்துறை எங்கே இருக்கிறது? ஹைதராபாத்தில் உள்ள ஏ.ஆர்.சி.ஐ. என்னும் மத்திய ஆராய்ச்சி மையம் வெடிப்புத் தெளிப்புக் கருவியைத் தொழில்முனைவோருக்குக் கற்றுக்கொடுத்து வழங்கியிருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உலோக இணைப்பு பற்றிய ஆராய்ச்சி மையம் ஒன்று பிளாஸ்மாத் தெளிப்பிலும் ஆய்வு செய்து வருகிறது. ஆனால் மிகக் கடுமையான சோதனைக்களம் என்று நான் கருதுவது இமயமலையில் இருக்கிறது.

அதை நாம் நம் மலையிலிருந்தே புரிந்துகொள்ளலாம். வால்பாறை மாணவர்களாகிய நாம் நீர்மின் நிலையங்களுக்கு நடுவே வாழ்பவர்கள். 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறன் உடையது. பகலில் நீரை இறக்கி மின்சாரம் எடுத்து, தேவை குறைந்த நேரத்தில் அதே நீரை மேலே ஏற்றுகிறது. நம் ஆறுகளின் நீர் ஓரளவு தெளிந்தது. இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் ஆறு அப்படியன்று. அங்குள்ள நாத்பா ஜாக்ரி நிலையத்தில் 250 மெகாவாட் வீதம் ஆறு இயந்திரங்கள், மொத்தம் 1,500 மெகாவாட். 428 மீட்டர் உயரத்திலிருந்து நீர் இறங்குகிறது. உராய்வைத் தள்ளிவிட்டு, அவ்வுயரம் முழுவதும் வேகமாக மாறுவதாகக் கணக்கிட்டால் விநாடிக்கு 90 மீட்டருக்கும் மேல் வரும். மழைக்காலத்தில் அந்த நீரில் குவார்ட்சு மணல் கலந்து வருகிறது. குவார்ட்சு எஃகைவிடக் கடினமானது. எனவே சுழலியின் இறக்கைகள் இடைவிடாத துகள் வீச்சுக்கு ஆளாகின்றன. மேஸ்திரி நிமிடக்கணக்கில் செய்ததை சட்லெஜ் மாதக்கணக்கில் செய்கிறது!

இதைத் தாங்க அங்கே அதிவேகச் சுடர்த் தெளிப்பால் டங்ஸ்டன் கார்பைடு, கோபால்ட்டு, குரோமியம் கலந்த பூச்சைச் சுழலிகளுக்கு இடுகிறார்கள். பூச்சு தேய்மானத்தை ஒழித்துவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். தள்ளிப்போட்டிருக்கிறது. நீரில் வண்டல் பத்து லட்சத்தில் 5,000 பங்குக்கு மேல் போனால் நிலையத்தையே நிறுத்திவிடுகிறார்கள். மேலும் இறக்கைகளுக்கு இடையே உள்ள குறுகிய மூலைகளில் துப்பாக்கியை நேராகப் பிடிக்க இயலாது. சாய்வாக விழும் துளி சரியாகப் பிடிக்காது. தேய்மானம் அத்தகைய மூலைகளைத்தான் தேடிப் போகும்.

தேய்மானத்துக்கு மட்டுமன்றித் துருவுக்கும் இம்முறை உதவும். துத்தநாகத்தைத் தெளித்தால், அது இரும்புக்கு முன் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் எஃகுக்குத் துத்தநாகத் தெளிப்பும் அதன் மேல் பாலிசிலாக்சேன் பூச்சும் இட்டிருப்பது இதற்காகவே. உப்புக் காற்றுக்கும் எஃகுக்கும் நடக்கும் சண்டையில் அதன் பலனைச் சொல்லப் பல ஆண்டுகள் ஆகும்.

எங்கெல்லாம் இது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல்சக்கரத்தின் பல்லுக்கு உதவாது. ஒரே புள்ளியில் விழும் அடியில் பூச்சு உடையும். மரைக்கும் உதவாது. விரிசல் விட்ட தண்டுக்கு அறவே கூடாது. தெளித்த உலோகம் அளவைத் தருமேயொழிய வலிமையைத் தராது. உடையப்போகும் தண்டுக்கு மேலே பளபளவென்று பூசித் தருவது ஏமாற்று வேலை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறொன்று. பூச்சு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அளக்க ஒரு சோதனை உண்டு. பூசிய சிறு உருளையின் முகத்தில் மற்றோர் உருளையைக் கடும்பசையால் ஒட்டி, இரண்டையும் இழுத்துப் பிரிப்பார்கள். எத்தனை விசையில் பிரிகிறது என்பதே அளவு. ஆனால் இழுத்தால் மாதிரி அழிந்துவிடும். ஆகவே மாதிரித் துண்டைத்தான் சோதிக்கலாம். நம் தண்டையே சோதிக்க முடியாது. முதற்பட்டறையில் தந்த உருளையும் இரண்டாம் பட்டறையில் தந்த உருளையும் கண்ணுக்கும் அளவுகோலுக்கும் ஒன்றாகவே இருந்தன. வேறுபாடு முழுவதும் பூச்சுக்கு அடியில், எவரும் இனிப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தது.

தெளித்து ஆறிய பின் மேஸ்திரி சிறு சுத்தியலால் பூச்சை மெல்லத் தட்டிக் காது கொடுத்தார். ‘டங்’ என்று கேட்டது. பிடிக்காத இடம் ‘டொக்’கென்று சொல்லுமாம். பிறகு நுண்துளைகளில் அரைப்புத் தூள் புகாதபடி மெழுகிட்டு, சாணைக்கல்லில் மெல்ல மெல்லச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். இரவு ஒன்பது மணிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றவர், அப்பா கிளம்பியதும் நிறுத்தி, “ஆறட்டுமுங்க, காலைல போலாம்” என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் பட்டறைத் திண்ணையில் துண்டை விரித்துப் படுத்தார்.

தொழிற்சாலையில் உருளை மறுபடி ஏறிய அன்று மேலாளர் வந்து நின்றார். அப்பா இந்த முறை எந்த உறுதியும் சொல்லவில்லை. உரிந்த சில்லைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தார். அதைப் பிரித்து உட்புறத்தைக் காட்டி, “நான் அவசரப்படுத்தினதும் இதுக்கு ஒரு காரணம் சார்” என்றார். மேலாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தச் சில்லு இப்போது என்னிடம் இருக்கிறது. உருளை இன்னும் ஓடுகிறது. இடையில் பல முறை பல் தீட்டப் போய் வந்துவிட்டது. இரவுப் பணிக்குப் போகும் நாட்களில் அப்பா திருகுளியின் நுனியைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துச் சற்று நேரம் கேட்பார். பிறகு விரலால் கூட்டின் ஓரத்தைத் தடவி, செந்தூள் இருக்கிறதா என்று விளக்கொளியில் பார்ப்பார்.